உழைத்த உடம்புக்கும் ஒரு நடை வேண்டும்

நெஞ்சு திடீரென்று படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, இரவு இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டினால் விடியும்வரை தூக்கம் திரும்புவதில்லை. இதயத்தில்தான் ஏதோ கோளாறு என்று பயந்துபோய் ஈசிஜி எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. “ஒண்ணும் இல்லை, டென்ஷன்தான். தினமும் கொஞ்சம் நடங்க” என்று சொல்லி அனுப்புகிறார் மருத்துவர். தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் அன்றாடம் நடப்பதுதான் இது. அந்த அறிவுரையைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, மாத்திரைச் சீட்டை மட்டும் மடித்து வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். ஆனால் அது பேச்சுக்குச் சொன்ன வார்த்தை அல்ல. ஒழுங்கான உடற்பயிற்சி வயதுவந்தோரின் மனப்பதற்றத்தைக் கணிசமாகத் தணிக்கிறது என்பதைக் கடந்த முப்பது ஆண்டுகளின் ஆய்வுகள் போதுமான உறுதியுடன் காட்டியிருக்கின்றன. இருந்தாலும், இதே அறிவுரையைத் தூத்துக்குடியில், விடியலுக்கு முன்பே போய் உப்பு வாரிவிட்டு வந்த ஒரு பெண்ணிடமோ, நாள் முழுக்க மூட்டை ஏற்றி இறக்கிவிட்டு வந்த ஒரு லோடுமேனிடமோ சொல்லிப் பாருங்கள். “இன்னும் எவ்வளவுதான் உடம்பை வருத்துறது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு நேர்மையான பதில் வைத்திருக்காமல் உடற்பயிற்சியின் பெருமையைப் பேசுவதில் பயனில்லை.

முதலில், எந்தப் பதற்றத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் வரும் பயம் நோயல்ல. கடலில் காற்று திசை மாறும்போது படகில் இருப்பவருக்கு வரும் பயமும் நோயல்ல. அந்தப் பயம்தான் ஆளைக் காப்பாற்றுகிறது. ஆபத்து விலகிய பிறகும் உடம்பு அதே எச்சரிக்கை நிலையில் நிற்பதும், எதற்கென்றே தெரியாத கவலை மாதக்கணக்கில் நீடித்து வேலையையும் உறவையும் கெடுப்பதும்தான் பதற்றக் கோளாறு. 2017-ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியாவில் சுமார் 4.49 கோடிப் பேருக்குப் பதற்றக் கோளாறு இருந்ததாக, மாநிலவாரியான நோய்ச்சுமையைக் கணக்கிட்டு ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வெளியான ஆய்வு சொல்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு இன்னொரு கசப்பான உண்மையைச் சொன்னது: மனநலக் கோளாறு உள்ளவர்களில், கோளாறின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை. மருத்துவர் குறைவு, வெட்கம் அதிகம், போக்குவரத்துச் செலவும் ஒரு நாள் கூலி இழப்பும் அதன்மேல். இப்படிப்பட்ட நாட்டில், செலவு குறைந்த, பக்கவிளைவு குறைந்த ஒரு வழி பலன் தருகிறது என்றால் அதை அலட்சியம் செய்ய நமக்கு உரிமை இல்லை.

பலன் தருகிறதா? ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆரம்ப சுகாதார மையங்களில் பதற்றக் கோளாற்றுக்காகப் பதிவான 286 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிப் பேர் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பதற்றத்தோடு வாழ்ந்தவர்கள். ஒரு பிரிவினருக்கு மிதமான பயிற்சி, இன்னொரு பிரிவினருக்குக் கடுமையான பயிற்சி, வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், 12 வாரங்கள். மூன்றாவது பிரிவினருக்குப் பொதுவான அறிவுரை மட்டும். முடிவில், பயிற்சி செய்த இரு பிரிவினரிலும் பெரும்பாலோரின் பதற்றம் குறைந்த அளவுக்கு இறங்கியிருந்தது. அறிவுரை மட்டும் பெற்றவர்களை விட அவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். ஒற்றை ஆய்வை நம்பி எதையும் சொல்லிவிடக் கூடாது என்பது சரிதான். தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தார் 2023-இல் 97 மீளாய்வுகளை, அவற்றுக்குள் அடங்கிய 1,039 பரிசோதனைகளை, ஒரு லட்சத்து 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்களின் தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மனச்சோர்வு, பதற்றம், மன உளைச்சல் மூன்றுமே உடற்பயிற்சியால் நடுத்தரமான அளவுக்குக் குறைவது அதில் தெரிந்தது. ‘நடுத்தரமான அளவு’ என்பதைக் கவனிக்க வேண்டும். அற்புதம் என்று யாரும் சொல்லவில்லை. மனநல மருத்துவத்தில் நாம் பயன்படுத்தும் பல சிகிச்சைகளும் ஏறத்தாழ இந்த அளவில்தான் நிற்கின்றன.

மாத்திரையோடு ஒப்பிட்டால்? ஜெர்மனியில் நடந்து 1998-இல் வெளியான ஒரு சிறிய பரிசோதனை இன்றும் பேசப்படுகிறது. திடீர் பீதித் தாக்குதல் உள்ள 46 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவை 10 வாரங்கள் ஓடவிட்டார்கள். ஒரு குழுவுக்குக் க்ளோமிப்ரமின் என்ற மருந்து. ஒரு குழுவுக்கு வெறும் மாவு மாத்திரை. ஓடியவர்கள் மாவு மாத்திரைக் குழுவை விடத் தேறினார்கள். ஆனால் மருந்து இன்னும் விரைவாகவும் இன்னும் நன்றாகவும் வேலை செய்தது. ஓடியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பாதியில் விலகியும் போனார். நம் ஊரில் பலரும் நம்பும் யோகாவுக்கும் இதேபோல் ஒரு சோதனை உண்டு. அமெரிக்காவில் பொதுவான பதற்றக் கோளாறு உள்ள 226 பேரிடம் நடந்த ஆய்வில், யோகா செய்தவர்களில் 54 சதவீதம் பேருக்கு நல்ல பலன் கிடைத்தது. மன அழுத்தம் பற்றிப் பாடம் மட்டும் கேட்டவர்களில் 33 சதவீதம். சிந்தனை-நடத்தை சிகிச்சை பெற்றவர்களிலோ 71 சதவீதம். இந்த எண்களை மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. உடற்பயிற்சி மருந்துக்கும் உளவியல் சிகிச்சைக்கும் எதிரி என்று பேசுகிறவர்கள் நோயாளிக்குத் தீங்கு செய்கிறார்கள். அது அவற்றோடு சேர்ந்து நிற்க வேண்டியது. மருந்து சாப்பிடுகிற ஒருவர் நடக்கத் தொடங்கியதும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுவது ஆபத்து.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரே விடை இல்லை. எண்டார்பின் சுரப்பதால் மகிழ்ச்சி வருகிறது என்று பத்திரிகைகளில் அடிக்கடி எழுதப்படுகிறது. ஆனால் ரத்தத்தில் கூடும் எண்டார்பின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை என்பதால் அந்த விளக்கம் இப்போது பலமிழந்துவிட்டது. தூக்கம் ஆழமாகிறது, ஓய்வில் இதயத் துடிப்பு நிதானமாகிறது, மன அழுத்தத்துக்கு உடல் காட்டும் எதிர்வினை மட்டுப்படுகிறது என்பவை ஏற்கத்தக்கவை. எல்லாவற்றையும் விட எனக்கு நம்பத்தகுந்ததாகப் படுவது இன்னொன்று. பதற்றக்காரர்களில் பலருக்கும் வெளியே இருக்கும் ஆபத்தை விடத் தங்கள் உடம்பின் மீதுதான் பயம். நெஞ்சு படபடத்தால் மாரடைப்பு, மூச்சு வாங்கினால் சாவு என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. அந்த முடிவே படபடப்பைக் கூட்டுகிறது. கூடிய படபடப்பு பயத்தை உறுதிப்படுத்துகிறது. இப்படிப்பட்டவர் மாடிப்படி ஏறுவதையே தவிர்க்கத் தொடங்கிவிடுவார். வேகமாக நடக்கும்போது அதே படபடப்பு வருகிறது, அதே மூச்சிரைப்பு வருகிறது, அதே வியர்வை வழிகிறது. பத்து நிமிடம் உட்கார்ந்தால் எல்லாம் அடங்கிவிடுகிறது. வாரத்துக்கு நாலைந்து முறை இது நடந்தால், இந்தத் துடிப்பால் எனக்கு ஒன்றும் ஆகாது என்பதை உடம்பே கற்றுக்கொள்கிறது. உளவியல் சிகிச்சையில் நிபுணர்கள் திட்டமிட்டுச் செய்ய வைப்பதும் ஏறத்தாழ இதைத்தான்.

‘பதற்றம் இல்லாதவர்கள்தான் காலையில் எழுந்து நடக்கிறார்கள், நடப்பதால் பதற்றம் போகவில்லை’ என்று ஒரு மறுப்பு உண்டு. கூர்மையான மறுப்புதான். ஸ்வீடனில் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டியில் கலந்துகொண்டவர்களையும் பொதுமக்களையும் சேர்த்து ஏறத்தாழ நாலு லட்சம் பேரை 21 ஆண்டுகள் வரை தொடர்ந்த ஆய்வு, போட்டியாளர்களுக்குப் பதற்றக் கோளாறு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம் குறைவு என்றது. அந்த எண்ணை அப்படியே நம்பச் சொல்ல மாட்டேன். அவ்வளவு தூரம் சறுக்கிப் போகிறவர் ஏற்கெனவே திடமானவராகவும் வசதியானவராகவும் இருக்கக்கூடும். அதே ஆய்வில், பெண்களில் மிக வேகமாகச் சறுக்கி முடித்தவர்களுக்கு, நிதானமாக முடித்தவர்களை விடப் பதற்றக் கோளாறு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்றும் தெரிந்தது. அதிகமாகச் செய்தால் அதிக நன்மை என்று நினைப்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும். காரணம் எது, விளைவு எது என்ற சிக்கலை அவிழ்க்கவே குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்யும் பரிசோதனைகள் தேவைப்படுகின்றன. மேலே சொன்ன கோத்தன்பர்க் ஆய்வு அப்படிப்பட்டது. அந்த வகை ஆய்வுகளிலும் ஒரு குறை உண்டு: தான் உடற்பயிற்சி செய்கிறோம் என்பது செய்பவருக்குத் தெரியாமல் மறைக்க முடியாது, எதிர்பார்ப்பே ஓரளவு பலனைத் தந்திருக்கலாம். அதைக் கழித்தாலும் மிஞ்சுவது, ஒரு சுகாதாரத் துறை செயலில் இறங்கப் போதுமானது என்பது என் முடிவு.

இனி, அந்த உப்பளப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் இருப்பது தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடியுடையது. சுமார் 25,000 ஏக்கரில் பரந்திருக்கும் பாத்திகளில், கண்ணைக் கூசவைக்கும் வெளுப்பின் நடுவே, நிழல் என்பதே இல்லாத வெட்டவெளியில் ஆயிரக்கணக்கானோர் உழைக்கிறார்கள். வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தைச் சுற்றி லோடுமேன்கள், கன்டெய்னர் லாரி ஓட்டுநர்கள், கிட்டங்கித் தொழிலாளர்கள். திரேஸ்புரத்திலிருந்து சங்குகுளிக்கப் போகிறவர்கள் கம்ப்ரஸர் குழாயைக் கவ்விக்கொண்டு கடலடியில் மணிக்கணக்கில் இருக்கிறார்கள். உடல் அசைவு மட்டுமே பதற்றத்துக்கு மருந்து என்றால், இந்தியாவிலேயே மிக நிம்மதியாகத் தூங்கும் ஊராகத் தூத்துக்குடி இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை என்பது இந்த ஊர்க்காரர் எல்லாருக்கும் தெரியும்.

இந்த முரணை ஆய்வாளர்களும் கவனித்திருக்கிறார்கள். 2017-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், உடல் அசைவு எந்தச் சூழலில் நடக்கிறது என்று பிரித்துப் பார்த்துப் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்தார்கள். ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் அசைவும், போக்குவரத்துக்காக நடப்பதும் சைக்கிள் மிதிப்பதும் நல்ல மனநலத்தோடு சேர்ந்து காணப்பட்டன. வீட்டு வேலையால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. கூலிக்காகச் செய்யும் உடலுழைப்போ மனநலக் குறைவோடு சேர்ந்து காணப்பட்டது. இதய நோயிலும் இதேபோன்ற முரணை டென்மார்க் ஆய்வாளர்கள் சில காலமாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள். கடின உழைப்பு செய்பவர் ஏழையாகவும் இருக்கிறார், ஏழ்மைதான் பதற்றத்தைத் தருகிறது என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்தில் பெரும்பகுதி உண்மை. ஆனால் காரணம் அதோடு முடிந்துவிடுவதில்லை. உப்பு வாருபவர் களைத்தபோது நிறுத்த முடியாது. வேகத்தைத் தீர்மானிப்பது வெயிலும் மேஸ்திரியும். இடுப்பும் தோளும் ஒரே அசைவை ஆயிரம் முறை செய்கின்றன. இதயத்துக்குப் பயிற்சியாகும் வகையில் ஏறி இறங்கும் தாளம் அதில் இல்லை. இளைப்பாற நேரம் இல்லாததால், உடற்பயிற்சியின் பலன் விளைகிற அந்த மீட்சிக் கட்டமே அவருக்கு வாய்ப்பதில்லை. போதாக்குறைக்கு வெப்பம். தமிழக உப்பளங்களில் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவ நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வுகள், அங்கே பெரும்பாலோர் பாதுகாப்பான வெப்ப வரம்பைத் தாண்டிய நிலையில் வேலை செய்வதையும், சிலரின் சிறுநீரகம் வரை அது பாதிப்பதையும் காட்டியுள்ளன. நீர் வற்றிப்போய் நெஞ்சு படபடக்கிற உடம்பு பாடம் கற்றுக்கொள்ளும் நிலையில் இல்லை; அது தப்பிப் பிழைக்கிற நிலையில் இருக்கிறது.

ஆக, பதற்றத்தைத் தணிக்கும் உடற்பயிற்சிக்கு மூன்று உட்பொருள்கள் இருக்கின்றன: தன் விருப்பம், தன் நேரம், பயமில்லாத ஓர் இடம். இந்த மூன்றும் இல்லாத அசைவு உழைப்பாகத்தான் இருக்கும், எவ்வளவு கலோரி எரிந்தாலும். மூன்றும் நம் நாட்டில் எவ்வளவு அரிதானவை என்பதற்கும் சான்று உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தமிழ்நாட்டையும் சேர்த்து நான்கு பகுதிகளில் 14,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பொழுதுபோக்காக உடலை அசைக்கிறவர்கள் பத்து சதவீதம்கூட இல்லை. விளையாடும் வயது பள்ளியோடு முடிந்துவிடுவதாக நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

முத்துக்குளித்துறையின் வரலாற்றில் இதற்குப் பொருத்தமான ஒரு செய்தி இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிக்கிறவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் கடலடிக்கு இறங்கினார்கள். சுறா பயம் பெரிது. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டி கரையிலோ தோணியிலோ இருந்தால்தான் இறங்குவோம் என்று அவர்கள் அடம்பிடித்தார்கள். 13-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, மீனுக்கு மந்திரம் போடுகிறவர்களுக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாகப் பதிவு செய்திருக்கிறார். மந்திரத்தில் நம்பிக்கையில்லாத ஆங்கிலேய அதிகாரிகளும் இலங்கைக் கரையில் கடல்கட்டிக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். மந்திரம் சுறாவைக் கட்டியதா என்பதை விடுங்கள். இறங்குகிறவரின் பயத்தைத் தணிப்பது தொழிலின் செலவுக் கணக்கில் சேர்ந்தது. அவருடைய தனிப்பட்ட பலவீனமாக அது தள்ளப்படவில்லை. 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. முத்தோடு சேர்ந்து அந்தக் கணக்கும் போய்விட்டது. இன்று பயம் தொழிலாளியின் சொந்த விவகாரம். அதைத் தணிக்கும் பொறுப்பும் அவருடையதே.

பெண்களின் நிலை இன்னும் இறுக்கமானது. 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஊதியமில்லாத அந்த வேலைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். உலக அளவில் உடல் அசைவு பற்றி 2024-இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ வெளியிட்ட கணக்கில், போதுமான அசைவு இல்லாத இந்தியப் பெண்கள் 57 சதவீதம், ஆண்கள் 42 சதவீதம். பதற்றக் கோளாறும் ஆண்களை விடப் பெண்களிடமே அதிகம். ரோச் பூங்காவிலும் முத்துநகர் கடற்கரையிலும் மாலையில் நடக்கிற பெண்களைப் பார்க்க முடிகிறது, மகிழ்ச்சிதான். ஆனால் அதிகாலையில் சமையலை முடித்துவிட்டு, இருட்டோடு இருட்டாக உப்பளத்துக்கு வண்டி ஏறி, மதியம் திரும்பி, தண்ணீர் பிடித்து, மாலைச் சமையலுக்கு அடுப்பு மூட்டுகிற பெண்ணுக்கு அந்த முப்பது நிமிடத்தை யார் கொடுப்பது? ‘மனமிருந்தால் மார்க்கமுண்டு’ என்று அவரிடம் சொல்வது அவமதிப்பு. வீட்டில் உள்ள ஆண் ஒருவர் அரை மணி நேர வேலையை வாங்கிக்கொண்டால் மட்டுமே அது அவருக்குக் கிடைக்கும்.

‘பதற்றத்துக்கு உண்மையான காரணம் இருக்கும்போது நடந்து என்ன பயன்?’ என்று கேட்பவர்களும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடி நகரம் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. அதற்குப் பிறகு வானம் கறுத்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும் குடும்பங்கள் இங்கே உண்டு. 2018 மே 22 அன்று போராட்டக்காரர்கள் மீது போலீஸ் நடத்திய துப்பாக்கிச்சூட்டில் 13 பேரை இழந்த ஊர் இது. கந்துவட்டியும், கடலில் வலை அறுவதும், அண்டை நாட்டுக் கடற்படை பிடித்துப் போவதும் கற்பனைப் பயங்கள் அல்ல. நடைப்பயிற்சி கடனை அடைக்காது. நீதியும் வாங்கித் தராது. வடிகாலும் நீதியும் கடன் நிவாரணமும் தர வேண்டிய அரசு, அவற்றுக்குப் பதிலாக ‘மூச்சை இழுத்து விடுங்கள்’ என்று சொல்லுமானால் அதை எதிர்க்க வேண்டும். ஆயினும், காரணம் உண்மையானது என்பதாலேயே உடம்பு அந்தத் துன்பத்தை இருபத்துநான்கு மணி நேரமும் சுமக்க வேண்டும் என்பதில்லை. தூக்கம் கெட்டவரால் கடனுக்கு வழி தேடவும் முடியாது, உரிமைக்குப் போராடவும் முடியாது. நியாயம் கேட்கத் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பைக் காக்கும் வழிகளில் ஒன்றாகத்தான் இதைச் சொல்கிறேன்.

தூத்துக்குடியின் பதற்றத்துக்கு ஒரு நாள்காட்டி இருக்கிறது என்பதையும் சுகாதாரத் துறை கவனிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையால் உப்பளங்களில் வேலை இல்லை; இந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு அண்மை ஆண்டுகளில் கொண்டுவந்தது. கடுமையாக உழைத்துப் பழகிய உடம்பு திடீரென்று சும்மா கிடக்கிறது. வருமானம் நின்று கவலை பெருகுகிறது. குடிக்கும் பொழுதும் கூடிவிடுகிறது. பதற்றத்துக்கு இதைவிடத் தோதான சூழ்நிலை வேறு வேண்டாம். உழைக்கும் நாளின் மீது இன்னொரு சுமையாக உடற்பயிற்சியை ஏற்றச் சொல்லும் அபத்தம் இந்த மாதங்களில் எழாது. நிவாரணம் வாங்க வருகிறவர்களை அதே இடத்தில் மனநலப் பரிசோதனைக்கும், தெருவாரியான நடைக் குழுக்களுக்கும் கொண்டுவருவது ஒன்றும் முடியாத காரியமல்ல. கால்பந்தும் கபடியும் இந்தக் கரைக்குப் புதியவை அல்ல. முப்பது வயதானவருக்கும் அவற்றில் இடம் உண்டு என்றாக வேண்டும்.

கையில் இருக்கும் ஏற்பாடுகளைக் கொண்டே தொடங்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஊழியர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். இரண்டே கேள்விகளில் பதற்றத்தை முதற்கட்டமாகக் கண்டறியும் முறை உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. அந்த இரண்டு கேள்விகளையும் அவர்கள் கேட்கட்டும். 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அரசு அறிவித்தது. நல்ல தொடக்கம். ஆனால் ஒரு மாவட்டத்துக்கு ஒரு பாதை என்பது, அந்தப் பாதைக்கு வண்டியில் வந்து நடக்கக்கூடியவர்களுக்கான பாதை. திரேஸ்புரத்திலும் இனிகோ நகரிலும் உப்பளத் தொழிலாளர் குடியிருப்புகளிலும், வீட்டு வாசலிலிருந்து நடக்கத் தொடங்கும் தூரத்தில், விளக்கும் நிழலும் உடைய அரைக் கிலோமீட்டர் போதும். கன்டெய்னர் லாரி உரசிச் செல்லாத அரைக் கிலோமீட்டராக அது இருக்க வேண்டும். உப்பளங்களில் நிழற்கூடமும் குடிநீரும் கழிப்பறையும் சம்பளத்தோடு வார விடுமுறையும் கட்டாயமாக வேண்டும். இவையெல்லாம் தொழிலாளர் நலக் கோரிக்கைகள் ஆயிற்றே, மனநலத்துக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உடற்பயிற்சி ஆய்வுகளை நேர்மையாகப் படித்தால் வந்து நிற்கும் இடம் இதுதான்.

இந்த ஊருக்கு இது புதிய கோரிக்கையும் அல்ல. 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா ஆகியோரின் துணையோடு வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. வார விடுமுறையும் கேட்டார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. நூற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், அதே நகரத்தின் உப்பளங்களில் விடுப்பு எடுத்தால் கூலி இல்லை என்ற நிலையில் பலர் உழைக்கிறார்கள்.

படிக்கிற உங்களுக்கு நேரமும் இடமும் இருக்குமானால் காத்திருக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் வயதுவந்தோருக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி, அல்லது அதில் பாதி நேரக் கடுமையான பயிற்சி. பேச முடியும், பாட முடியாது என்கிற வேகத்தில் நடந்தால் அது மிதமான பயிற்சி. அந்த அளவை எட்டும்வரை பலனே இல்லை என்றில்லை. பத்து நிமிடத்தில் தொடங்கலாம். தூத்துக்குடி வெயிலில் காலை ஏழு மணிக்குள், இல்லையென்றால் மாலை ஐந்தரைக்குப் பிறகு. துணைக்கு ஒருவர் இருந்தால் விட்டுப்போகாது. நெஞ்சுவலி, மயக்கம், ஏற்கெனவே இதய நோய் இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். சில வாரங்கள் நடந்தும் பதற்றம் தணியவில்லை என்றாலோ, வாழ்வதே பாரமாகத் தோன்றினாலோ, அதை உங்கள் சோம்பலின் தண்டனையாக நினைக்க வேண்டாம். 14416 என்ற இலவச டெலிமானஸ் எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

மாவட்ட நிர்வாகத்திடமும் உப்பள உரிமையாளர்களிடமும் கேட்பது ஒன்றுதான். மழைக்காலம் முடிந்து ஜனவரியில் அடுத்த உப்பு உற்பத்தி தொடங்கும் முன், பாத்திகளின் ஓரத்தில் நிழற்கூடங்களைப் போடுங்கள்; வாரத்தில் ஒரு நாளைக் கூலியோடு விடுங்கள். அந்த நாளில் நடப்பதா, தூங்குவதா, பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போவதா என்பதை அவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.